வண்டியின் பூர்வோத்தரம்

பெண்ணுக்கு வரன் தேடும்போது நம்மவர்கள் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிறார்கள்! பையனுடைய உத்தியோகம், குணம், கடன், வியாதி, எல்லாவற்றையும் நாலு பேரிடம் விசாரித்த பிறகுதான் தாம்பூலம் மாற்றுகிறார்கள். ஆனால் அதே குடும்பஸ்தர்கள் ஒரு பழைய மோட்டார் வண்டியை வாங்கப் போனால், மேற்பூச்சின் பளபளப்பைக் கண்டதும் மயங்கி, அங்கேயே முன்பணத்தை எண்ணி வைத்துவிடுகிறார்கள்!

சில மாதங்களுக்கு முன் நம் நண்பர் ஒருவர் இப்படித்தான் மயங்க இருந்தார். அவரும் நம்மைப் போல் உபாத்தியாயரே. வயதான தாய் தந்தையர், மனைவி, மூன்று குழந்தைகள், தாம் ஆக ஏழு பேர் வீட்டில். தாயாருக்கு முழங்கால் வலி. பஸ் படி ஏற முடியாது. மாதம் இருமுறை ஆஸ்பத்திரிக்குப் போக வாடகை வண்டிக்குக் கொடுத்து மாளவில்லை. ஆகவே, ஏழு பேர் அமரக்கூடிய பழைய வண்டி ஒன்று வாங்குவதென்று தீர்மானித்தார். கையிலிருந்தது 5 லட்ச ரூபாய். அதில் ஒரு பங்கு அவருடைய மனைவியின் வளையல்களை விற்று வந்த பணம்.

"ஸார், பிரமாதமான வண்டி ஒன்று இருக்கிறது, 4 லட்சத்துத் தொண்ணூறாயிரம் சொல்கிறார்கள். நீங்களும் வந்து ஒரு பார்வை பார்க்க வேண்டும்" என்றார். போனோம்.

வண்டி வெள்ளை வெளேரென்று மின்னியது. மீட்டரில் 68,000 கிலோமீட்டர் காட்டியது. ஆனால் பிரேக் மிதியின் ரப்பரோ வழவழவென்று தேய்ந்திருந்தது. அவ்வளவு குறைவாக ஓடிய வண்டியில் இது நடக்கிற காரியமா? பின் ஆசனத்தின் பெல்ட்டைக் கடைசி வரையில் இழுத்துப் பார்த்தோம். உள்ளே சுருண்டிருந்த பாகத்தில் பழுப்பு நிறமாகச் சேற்றுக் கறை. விரிப்பைத் தூக்கினால் ஆசனத்தின் போல்ட்டுகளில் துரு, மக்கிய வாசனை. தரகர், "குழந்தைகள் தண்ணீர் கொட்டியிருப்பார்கள்" என்றார். எந்தக் குழந்தை ஆசன உயரத்துக்குச் சேறும் தண்ணீருமாகக் கொட்டும்?

சென்னையிலே 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் பெருவெள்ளம் வந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது மூழ்கிய வண்டிகள் அநேகம். அப்படிப்பட்ட வண்டியைத் துடைத்து மெருகேற்றிவிடலாம். மின்சாரக் கம்பிகளுக்குள் புகுந்த ஈரத்தை மெருகேற்ற முடியாது. அது ஒரு வருஷம் கழித்து நடுவழியில் தன் வேலையைக் காட்டும்.

நண்பர் முகம் வாடித் திரும்பினார். அன்று மாலை அவரிடம் நாம் சொன்னவற்றை நேயர்களுக்கும் சொல்வது பிரயோஜனமாயிருக்கும்.

முதலாவது, கையிலுள்ள பணம் முழுவதையும் வண்டிக்குக் கொடுக்கலாகாது. ஐந்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ், டயர், பாட்டரி, பிரேக், எண்ணெய் எல்லாம் முதல் மூன்று மாதத்திலேயே வந்து கையை நீட்டும். 5 லட்சம் வைத்திருப்பவர் 4 லட்சத்து வண்டியைத்தான் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி வீட்டில் நிற்கும்; கடன் வீட்டுக்குள் வந்துவிடும்.

இரண்டாவது, குறைந்த விலையுடன் பத்திரத்தையும் சேர்த்து நிறுத்துப் பார்க்க வேண்டும். 1984-ல் வந்து 2019-ல் உற்பத்தி நின்றுபோன மாருதி ஆம்னியை நம் நாட்டில் அறியாதவர் யார்? சறுக்குக் கதவு, குறுகிய தெருவுக்கும் வயதானவர்களுக்கும் வெகு சௌகரியம். ஆனால் ஓட்டுபவரின் கால்களுக்கு முன்னால் மோதலைத் தாங்க இடமே இல்லை. அதற்குப் பின் 2010-ல் வந்த ஈக்கோ வண்டியில், காற்றுப் பை இல்லாத ரகத்தை 2016-ல் குளோபல் என்கேப் என்னும் ஸ்தாபனம் மோதிச் சோதித்தபோது பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஒரு நட்சத்திரங்கூடக் கிடைக்கவில்லை. 2012-ல் வந்த எர்டிகா போன்ற வண்டிகளிலும், அக்காலத்தில் எல்லா ரகங்களுக்கும் காற்றுப் பை இல்லை. முன் ஆசனம் இரண்டுக்கும் காற்றுப் பை கட்டாயமென்பது எல்லாப் புதுக் கார்களுக்கும் அமலுக்கு வந்தது 2022 ஜனவரியில்தான். ஆகவே, வண்டியின் பெயரை மட்டும் கேட்டால் போதாது. எந்த ரகம் என்றும் கேட்க வேண்டும். கடைசி வரிசையில் குழந்தைகளைத்தானே உட்கார வைக்கப் போகிறோம்? அங்கே பெல்ட்டுகள் பூட்டுகின்றனவா என்று நாமே உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

மூன்றாவது, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது காலையில் பார்க்க வேண்டும். சூடாக்கி வைத்த எஞ்சின் தன் குற்றங்களை மறைத்துவிடும். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. ஓயாமல் வெள்ளைப் புகை வந்தால் குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது என்று சந்தேகிக்கலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2217 என்றால் 2017-ஆம் வருஷம் 22-ஆவது வாரம் செய்தது என்று பொருள். விற்பவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக் ஒருவருக்குக் கூலி கொடுத்து அழைத்துப் போவது வீண் செலவல்ல.

நான்காவது, தஸ்தாவேஜு. எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ரிஜிஸ்டர் புத்தகத்தோடு ஒத்திருக்க வேண்டும். விற்பவர் 29, 30-ஆம் எண் படிவங்களில் கையெழுத்திட வேண்டும். பாங்கிக் கடன் இருந்து தீர்ந்திருந்தால் 35-ஆம் படிவமும் வேண்டும். புதுச்சேரி எண்ணுள்ள வண்டி மலிவாகக் கிடைக்கிறதென்று ஓடுகிறவர்கள், அங்கிருந்து தடையில்லாச் சான்று பெறுவதையும், தமிழ்நாட்டில் கட்ட வேண்டிய வரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சொந்த வண்டியின் ரிஜிஸ்டர் 15 வருஷத்துக்குத்தான் செல்லும். பிறகு அதைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது.

விற்பவருக்கும் ஒரு வார்த்தை: பெயர் மாறும் வரையில், வண்டி விபத்துக்குள்ளானால் நஷ்ட ஈட்டுப் பொறுப்பு புத்தகத்தில் பெயருள்ளவருடையதே என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது.

நம் நண்பர் இரண்டு மாதம் பொறுத்தார். பிறகு, ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவரிடம் 2013-ஆம் வருஷத்து எர்டிகா ஒன்று இருப்பதாகத் தெரிந்தது. உயர்ந்த ரகம், பெட்ரோலில் ஓடுவது. மீட்டரில் 1,24,000 கிலோமீட்டர். வர்ணம் மங்கியிருந்தது, பம்பரில் கீறல். ஆனால் ஒரே சொந்தக்காரர். எண்ணெய் மாற்றிய ரசீதுகள் எல்லாம் தேதி வாரியாக ஒரு கோப்பில் இருந்தன. 2028-ல் 15 வருஷம் பூர்த்தியாகும் என்பதைச் சொல்லிப் பேசியதில் 4 லட்சத்துப் பத்தாயிரத்துக்கு முடிந்தது. மிஞ்சிய தொண்ணூறாயிரத்தில் நான்கு டயர்களும் பிரேக்கும் மாற்றி, பெயர் மாற்றி, இன்ஷூரன்ஸும் கட்டினார். அதன் பிறகும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அதைத் தொடுவதில்லையென்று அவருடைய மனைவியிடம் வாக்குக் கொடுத்திருக்கிறாராம்.

முதல் பிரயாணம் ஆஸ்பத்திரிக்கு. தாயார் மகனுடைய தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து, "ஏண்டா, பழைய வண்டி என்றாயே, நன்றாகத்தானே இருக்கிறது?" என்றாராம்.

பழையதாயிருப்பது குற்றமல்ல, பழைய கதையை மறைப்பதுதான் குற்றம். பணம் குறைவாக உள்ளவர்கள் வண்டியைப் பார்ப்பதற்கு முன் அந்தக் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். மெருகுக்காக ஐம்பதாயிரம் அதிகம் கொடுக்கிறவர், பிறகு மெக்கானிக்குக்கும் அதையே கொடுக்க நேரிடும்.