நொண்டும்வரை பொறுப்பதா அனுபவம்?

சென்ற இதழில் குதிரைக்குட்டி வளர்ப்பு பற்றி எழுதியவர் மூன்று விஷயங்களை அடித்துச் சொல்லியிருந்தார். நொண்டாத குட்டிக்கு மூட்டில் குறையில்லை. மூட்டில் நீர் கோத்தால் வளர வளர வற்றிவிடும். ஒன்றரை வயதில் வண்டியில் பூட்டி, தவிடும் கொள்ளும் தாராளமாகக் கொடுத்தால் கால் இறுகும். மூன்றும் தவறு. இதை நம்பி ஒருவர் நடந்தால் அவருடைய குட்டி ஆயுள் முழுக்க வலியோடு நடக்கும் என்பதால்தான் இந்த எதிர்வினை.

முதலில் நொண்டலை எடுத்துக்கொள்வோம். குதிரை வேட்டைக்கு இரையாகும் விலங்கு. கூட்டத்தில் தளர்ந்து தெரிவதுதான் முதலில் சாகும். ஆகவே வலியை மறைப்பது அதன் பிறவிக் குணம். ஒரு முன்னங்கால் மட்டும் வலித்தால், அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே எழும். நல்ல கால் ஊன்றும்போது தாழும். அதைப் பார்த்துத்தான் நாம் நொண்டல் என்கிறோம். இரண்டு கால்களும் ஒன்றுபோல் வலித்தால் தலை ஆடாது. எட்டு குறுகும், அவ்வளவுதான். வளரும் குட்டிகளின் மூட்டுக் குறை பல நேரம் இரண்டு பக்கமும் சேர்ந்தே வருகிறது. கட்டுரையாளரின் அளவுகோல் தோற்பது அங்கேதான்.

எங்கள் செவலைப் பெண்குட்டிக்கு அப்போது 11 மாதம். துள்ளும், ஓடும். ஒரு நாள் காலையில் கொட்டிலைப் பெருக்கும்போது புழுதியில் பின்னங்குளம்புகள் இழுபட்ட இரண்டு கோடுகளைக் கண்டேன். காலைத் தூக்கிப் பார்த்தால், இரண்டு குளம்புகளின் முனைகளும் அரத்தால் ராவியதுபோல் மழுங்கியிருந்தன. பின்னங்காலின் நடு மூட்டில், முன்பக்கம் உள்ளோரமாக ஒரு மெத்தென்ற புடைப்பு. விரலால் அழுத்தினால் அங்கே அமுங்கி, மூட்டின் பின்பக்கம் பிதுங்கியது. சூடு இல்லை. குட்டி காலை உதறவும் இல்லை. பார்த்தவர்கள் எல்லோரும் “நல்லாத்தானே நடக்குது” என்றார்கள். எக்ஸ்ரேயில் இரண்டு மூட்டிலும் ஒரு துண்டு பிளந்து நின்றது. குருத்தெலும்பு எலும்பாக முதிர வேண்டிய இடத்தில் முதிராமல் பெயர்ந்துவிடும் இந்தக் குறையை மருத்துவர்கள் ஓ.சி.டி. என்கிறார்கள். இந்த மூட்டில் தேய்மானம் தொடங்குமுன் துண்டை அகற்றிவிட்டால் பெரும்பாலான குதிரைகள் நன்றாகத் தேறுகின்றன. நொண்டட்டும் என்று காத்திருந்தால் அந்த வாய்ப்பு கைநழுவிவிடும்.

அடுத்தது, நீர் வற்றிவிடும் என்பது. சில குட்டிகளுக்கு வற்றுவது உண்மை. ஒரு வயதுக்குள் தானாக ஆறும் குறைகளும் உண்டு. ஆனால் எது ஆறும், எது மூட்டை அரிக்கும் என்று வெறும் கையால் தடவிப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பிறந்து சில நாளே ஆன குட்டியின் மூட்டு வீங்கினால் இந்த அலட்சியம் உயிரையே வாங்கும். “தாய் மிதிச்சிருக்கும்” என்று மஞ்சள் பற்றுப் போடுகிறார்கள். சீம்பால் போதாத குட்டிக்குத் தொப்புள் வழியே நுழைந்த கிருமி இரத்தத்தில் கலந்து மூட்டில் சீழ் பிடிக்க வைத்திருக்கலாம். அங்கே நாள் கணக்கு உதவாது. மணி நேரம்தான் கணக்கு.

மூன்றாவது, வண்டி. முன்னங்கால் முட்டிக்குச் சற்று மேலே எலும்பு வளரும் குருத்துத் தட்டு மூடுவதற்கு 2 முதல் 2½ வயது ஆகும். முதுகெலும்புக்கு 5 வயதும் தாண்டும். ஒன்றரை வயதில் தார்ச்சாலையில் பாரம் இழுக்கவைத்தால் அடி விழுவது அந்த இளந்தட்டின் மேல். முட்டிக்கு மேல் எலும்பு புடைத்துத் தெரிவது அதன் அடையாளம்; அதைத்தான் இவர் “இறுகிய கால்” என்று மெச்சுகிறார். இளங்கால்களுக்கு ஓட்டம் தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். திறந்த மேய்ச்சலில் தன் இஷ்டத்துக்கு ஓடுவதுதான் அந்த ஓட்டம். தீனியும் இப்படித்தான். கோதுமைத் தவிட்டில் சுண்ணாம்புச் சத்தைவிடப் பாஸ்பரஸ் சுமார் பத்து மடங்கு. கூடவே நேப்பியர் புல்லைப் போட்டால், அதன் ஆக்சலேட் இருக்கிற சுண்ணாம்புச் சத்தையும் உடலில் சேரவிடாது. இரண்டையும் வாரிக் கொடுத்துவிட்டு உறுதியான எலும்பை எங்கே தேடுவது?

முப்பது வருட அனுபவம் என்கிறார். அவரே எழுதியபடி, குட்டிகளை இரண்டு வயதுக்குள் விற்றுவிடுபவர் அவர். அந்தக் குதிரை நான்கு வயதில் வேறொருவர் கொட்டிலில் காலைத் தாங்கித் தாங்கி நிற்கும். தன் கண்ணில் படாத நொண்டலை இல்லாத நொண்டல் என்று எண்ணுவது எப்படி அனுபவமாகும்?

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் பாருங்கள். நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி என்று அரை மணி நேரம் எண்ணுகிறார்கள். குனிந்து காலைத் தடவுவோர் குறைவு. குட்டி வாங்குவோர் சுழியோடு இதையும் பாருங்கள். முன்குளம்புகள் இரண்டும் தமக்குள் ஒரே அளவா, பின்குளம்புகள் இரண்டும் அப்படியா? முனை மழுங்கியிருக்கிறதா? புறங்கையை வைத்தால் ஏதாவது ஒரு மூட்டு மட்டும் சுடுகிறதா? சிறு வட்டத்தில் இரண்டு பக்கமும் ஒரே சுலபத்தோடு திரும்புகிறதா? மற்ற குட்டிகள் விளையாடும்போது இது மட்டும் படுத்தே கிடக்கிறதா? ஒன்றில் சந்தேகம் வந்தாலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

அன்று நான் புழுதியில் கண்ட கோடுகளை விளக்குமாறு ஒரே இழுப்பில் அழித்திருக்கும். குட்டி நமக்குச் சொல்ல முடிவது அவ்வளவுதான். அதைப் பார்க்கத் தேவையில்லை என்று ஊருக்கு எழுதியவர், அந்த வார்த்தையைத் திரும்பப் பெற வேண்டும்.