ஃபெர்மாவே தவறினார், கைடு எம்மாத்திரம்?



போன மாதம் எங்கள் வகுப்பில் நடந்தது இது. "391 பகா எண்ணா?" என்று ஒரு கேள்வி. கைடில் "ஆம்" என்று அச்சாகியிருந்தது. எல்லோரும் அப்படியே எழுதிட்டோம். ஒரே ஒரு தோழி மட்டும், "இல்லப்பா, 17ஆல் வகுபடுது" என்றாள். "கைடு போட்டவங்களைவிட நீ பெரிய ஆளா?" என்று சிரித்தோம். சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. சாயங்காலம் வீட்டில் போட்டுப் பார்த்தேன். 17 × 23 = 391. வெட்கமாகப் போய்விட்டது.

அதனால்தான் உங்களுக்கு ஒரு பெரிய எண்ணின் கதையைச் சொல்கிறேன். அந்த எண் 4,29,49,67,297. அதாவது 429 கோடிக்கும் மேல்!

பிரான்ஸ் நாட்டுக் கணித மேதை ஃபெர்மா, 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொரு விடையோடும் 1-ஐக் கூட்டினார். 3, 5, 17, 257, 65537 வந்தன. ஐந்துமே பகா எண்கள்! இந்த வரிசையில் எல்லாமே பகா எண்தான் என்று 1640-இல் எழுதினார். தன்னிடம் நிரூபணம் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். அடுத்த அடுக்கு 32. அதில் வருவதுதான் நம்ம 429 கோடி எண்.

1729-இல் கோல்ட்பாக் என்பவர் இதுபற்றி ஆய்லருக்குக் கடிதம் எழுதினார். 1732-இல் 25 வயது ஆய்லர் விடை சொன்னார்:

4,29,49,67,297 = 641 × 67,00,417

கால்குலேட்டர் இல்லாத காலம்! எல்லா எண்ணாலும் வகுக்க வேண்டாம், 64ஆல் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும் என்று பின்னாளில் அவரே நிரூபித்தார். அவை 193, 257, 449, 577, 641... ஐந்தாவதிலேயே மாட்டிக்கிச்சு! 65537-க்கு அப்புறம் அந்த வரிசையில் இன்றுவரை ஒரு பகா எண்கூடக் கிடைக்கவில்லை.

ஃபெர்மாவைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவராவது நிரூபணம் இல்லை என்று சொன்னார். கைடு அப்படிச் சொல்லுமா? ஐந்து விடை சரியா இருந்தா ஆறாவதும் சரியாத்தான் இருக்கும் என்று நாம்தான் கண்ணை மூடிக்கிட்டு எழுதுகிறோம்.

"இதுக்கெல்லாம் நேரம் ஏது?" என்று சிலர் கேட்கலாம். 391-ஐச் சோதிக்க 2, 3, 5, 7, 11, 13, 17 என்று ஏழே வகுத்தல்தான். இரண்டு நிமிஷம் போதும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கைடில் தவறு கண்டுபிடிக்கும் மாணவருக்கு வகுப்பில் ஒரு கைதட்டல் கொடுங்கள். எங்கள் தோழிக்கு அன்று கிடைத்தது கேலிதான். அவளிடம் இந்தச் சுவரிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. நான் எழுதியதையும் அப்படியே நம்பாதீங்க. 67,00,417-ஐ 641ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டு வாங்க!

– பத்தாம் வகுப்பு மாணவி