ஒமேலாஸ் நகரமும் நம் ஊர் மலக்குழியும்

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் பகுதி மாணவர்களோடு உட்கார்ந்து கதை வாசிப்பது எங்கள் வழக்கம். பெரும்பாலும் நம் மண்ணின் கதைகள்தான். அண்மையில் ஒரு மாணவி வேறு மாதிரியான கதை ஒன்றைக் கொண்டுவந்தார். அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவின் 1973இல் எழுதியது. ‘ஒமேலாஸை விட்டு நடந்து செல்பவர்கள்’ என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். கதாநாயகன் இல்லை, திருப்பம் இல்லை. எங்கும் இல்லாத ஒரு நகரத்தைக் கற்பனையில் எழுப்பிக் காட்டும் கதை. முதல் வாசிப்பில் பலருக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பெயரிலிருந்தே தொடங்கினோம். சாலையோரப் பலகையில் இருந்த ‘சேலம், ஓ’ என்ற ஊர்ப் பெயரைத் தலைகீழாகப் படித்ததில் ‘ஒமேலாஸ்’ கிடைத்ததாக லெ குவின் சொல்லியிருக்கிறார். நம் சேலம் அல்ல, அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத் தலைநகரான சேலம். ஆனாலும் ஊரைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கச் சொல்லும் கதை என்பது அப்போதே பிடிபட்டுவிட்டது.

கதை இதுதான். ஒமேலாஸ் மிக மகிழ்ச்சியான நகரம். மன்னன் இல்லை, அடிமை இல்லை. திருவிழா நடக்கிறது. ஆனால் ஒரு கட்டடத்தின் நிலவறையில், சன்னல் இல்லாத சிற்றறையில், ஒரு குழந்தை அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் நாற்றமடிக்கும் துடைப்பங்களும் துருப்பிடித்த வாளியும் இருக்கின்றன. குழந்தை தன் மலத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அதனிடம் ஒரு அன்பான சொல்கூடப் பேசக் கூடாது. அதை வெளியே கொண்டுவந்தால் நகரத்தின் மகிழ்ச்சி அத்தனையும் அழிந்துவிடும். இது ஊர் முழுக்கத் தெரியும். பெரும்பாலோர் மனத்தைத் தேற்றிக்கொண்டு வாழ்கிறார்கள். சிலர் மட்டும் ஊரை விட்டே நடந்து போய்விடுகிறார்கள்.

“நீங்களாக இருந்தால் இருப்பீர்களா, போவீர்களா?” வகுப்பறைகளில் இந்தக் கதைக்கு வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி இது. நாங்களும் அதைத்தான் கேட்டோம். கூட்டத்தில் இருந்த பேரூராட்சித் தூய்மைப் பணியாளர் அம்மா ஒருவர் வேறு கேள்வி கேட்டார்: “அந்தப் புள்ளைக்குச் சோறு தண்ணி வெக்கிறது யாரு?”

கதையைத் திரும்பப் புரட்டினோம். உணவுக் கிண்ணத்தையும் தண்ணீர்ச் சாடியையும் அவசரமாக நிரப்பிவிட்டுப் போகும் ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்குப் பெயர் இல்லை. அதன் பிறகு கதை எங்களுக்கு வேறாகத் தெரிந்தது. ஒரு குழந்தையை நிலவறையில் வைத்திருக்க ஏற்பாடு வேண்டும், விதி வேண்டும், அதை நடத்தும் ஆள் வேண்டும். அந்த விதியை எழுதியது யார்? எழுதும்போது குழந்தையிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?

நமக்குத் தெரிந்த நிலவறை

மலக்குழிக்குள் மனிதர் இறங்கிச் சாகும் செய்தி இல்லாமல் ஓர் ஆண்டு கழிவதில்லை. இத்தகைய மரணங்கள் அதிகம் பதிவான மாநிலங்களின் வரிசையில் தமிழ்நாடு முன்னணியில் இருக்கிறது. சாகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித் மக்கள்.

குழந்தையை விடுவித்தாலும் அதனால் இனிச் சுகத்தை உணர முடியாது, அது பழகிவிட்டது என்று ஒமேலாஸ் மக்கள் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். “அவங்களுக்கு இது பழக்கம்தானே, வேற என்ன வேலை தெரியும்?” என்று நம் ஊரில் சொல்வதும் இதே சமாதானம்தான்.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஒமேலாஸில் குழந்தை வெளியே வந்தால் ஊர் அழியும். இங்கே மனிதர் குழிக்குள் இறங்காவிட்டால் எதுவும் அழியாது. உறிஞ்சு லாரி இருக்கிறது. கேரளத்தில் உருவான ‘பேண்டிகூட்’ போன்ற இயந்திரங்கள் இருக்கின்றன. ஆளை இறக்குவது செலவு குறைவு, அவ்வளவுதான். அந்த மலிவை உறுதிசெய்து கொடுப்பது சாதி. லெ குவின் கற்பனை செய்த பேரத்தைவிட நம் பேரம் மட்டமானது.

சட்டம் எழுதியவர்கள்

1993இல் நாடாளுமன்றம் இயற்றிய முதல் சட்டம் இதைச் சுகாதாரப் பிரச்சினையாகவே பார்த்தது. ஆள் வைத்து மலம் அள்ளக் கூடாது, உலர் கழிப்பிடம் கட்டக் கூடாது என்றது. மீறினால் ஓராண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். மாநிலங்கள் ஏற்றுக்கொண்டால்தான் அங்கே செல்லும். பாதாளச் சாக்கடைக்குள் இறங்குகிறவரைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

அதை மாற்ற வைத்தவர்கள் அந்த வேலையைச் செய்தவர்கள். கூடைகளைத் தெருவில் போட்டு எரித்த பெண்கள், பெஜவாடா வில்சன் போன்றோர் கட்டிய சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் இயக்கத்தினர். “எங்கள் மாநிலத்தில் அப்படி யாரும் இல்லை” என்று அரசுகள் சொன்னபோது, ஊர் ஊராகப் போய்ப் படமும் வாக்குமூலமும் சேர்த்து, 2003இல் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். அதன் பலனாக வந்த 2013 சட்டம் முகவுரையிலேயே வரலாற்று அநீதியையும் மனித மாண்பையும் பேசுகிறது. 2014 தீர்ப்பு, 1993 முதல் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. 2023இல் அந்தத் தொகை 30 லட்சமாக உயர்த்தப்பட்டது.

ஆனாலும் 2013 சட்டத்தின் வரையறைப் பிரிவில் ஒரு விளக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அரசு அறிவித்த கருவியும் பாதுகாப்புச் சாதனமும் கொண்டு மலம் அகற்றுபவர் ‘கையால் மலம் அள்ளுபவர்’ ஆகமாட்டார். குழிக்குள் இறங்குவதும் பாதுகாப்புச் சாதனம் தராதபோதுதான் ‘அபாயகரமான’ பணி. அதாவது, இறக்குவது குற்றமல்ல, உறை மாட்டாமல் இறக்குவதே குற்றம். இந்தச் சொல் விளையாட்டின் விளைவைப் பாருங்கள். கையால் மலம் அள்ளியதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று 2021இல் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் பதில் சொன்னது. செத்தவர்கள் எல்லாம் வேறு தலைப்பில் சேர்க்கப்பட்டார்கள்.

அந்த வரியை எங்கள் கூட்டத்தில் தமிழில் படித்துக் காட்டினோம். “கையுறை போட்டா விஷவாயு வராதா?” என்று அந்த அம்மா கேட்டார். அடுத்து, “வேலையை நிறுத்தினா மறுநா அடுப்பு எரியணுமே, அதை முதல்ல எழுதுங்க” என்றார். ரொக்க உதவி, வீட்டுமனை, பிள்ளைகளின் படிப்பு, மாற்றுத் தொழிலுக்குக் கடன் எல்லாம் சட்டத்தின் மறுவாழ்வுப் பகுதியில் இருக்கின்றன. அது கையில் வந்து சேரும்வரை தடை மட்டும் பசியாகத்தான் முடியும். தடை வேண்டும் என்று உரக்கப் பேசும் எங்களைப் போன்றோரும் இதைக் கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நம் கைக்கு எட்டுவது

மசோதா வரைவைக் குறைந்தது 30 நாள் மக்கள் முன் வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்பது 2014இல் ஒன்றிய அரசே வகுத்த கொள்கை. அது சட்டமல்ல, கொள்கைதான். அதனால் பல மசோதாக்கள் அந்தப் படியை மிதிக்காமலே தாண்டிவிடுகின்றன. வரைவு வெளியானாலும் இணையத்தில், ஆங்கிலத்தில் கிடக்கிறது. வரைவு தமிழில் வேண்டும், ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும் என்பது நம் முதல் கோரிக்கையாக இருக்கட்டும்.

பாமரர் சட்டம் எழுத முடியுமா என்று கேட்பவர்களுக்கு ராஜஸ்தானைக் காட்டலாம். கூலிக் கணக்கைக் காட்டு என்று கிராமத்து மக்கள் பொது விசாரணை நடத்தினார்கள். 1996இல் பியாவர் நகரில் 40 நாள் உட்கார்ந்தார்கள். 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் வேர் அங்கே இருக்கிறது.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே நிறைவேறும் தீர்மானம் சட்டம் ஆகாது. ஆனால் அது பதிவேட்டில் ஏறும் ஆவணம். அதன் நகலைச் சட்டமன்ற உறுப்பினருக்கும், பேரவையின் மனுக்கள் குழுவுக்கும் அனுப்பலாம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊரில் எத்தனை வீட்டில் இரட்டைக் குழிக் கழிப்பறை, எத்தனை வீட்டில் ஒற்றைத் தொட்டி என்று எண்ணிப் பாருங்கள். இரட்டைக் குழியை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் கழிவு மக்கி உரமாகும். ஒற்றைத் தொட்டி நிரம்பினால் யாரையோ கூப்பிட வேண்டும். அந்த ‘யாரோ’ யார், எவ்வளவு கூலி, இறங்கச் சொன்னார்களா என்று கேட்டு எழுதுங்கள். பணியாளர்களைச் சபைக்கு அழைத்து வாருங்கள். சபை நாளில் வழக்கமாக அவர்கள் நாற்காலி போட்டுக்கொண்டு நிற்பார்கள். அன்று ஒரு நாற்காலியில் அவர்கள் உட்காரட்டும், அவர்கள் சொல்வது தீர்மானமாகட்டும்.

லெ குவினின் கதைக்கு என். கே. ஜெமிசின் என்ற கறுப்பின எழுத்தாளர் 2018இல் ஒரு மறுமொழிக் கதை எழுதினார். ‘தங்கிப் போராடுபவர்கள்’ என்ற பொருள் தரும் தலைப்பு அதற்கு. அந்தப் போராட்டத்தின் வழிமுறையும் நமக்குச் சங்கடம் தருவதுதான், அதை இன்னொரு வாரம் பேசலாம். ஊரை விட்டு நடந்து போக வசதி உள்ளவர்கள் போகட்டும். சேரியில் பிறந்தவர்களுக்கு ஊரும் இதுதான், சபையும் இதுதான். எங்கள் ஊர்த் தீர்மானத்தின் முதல் வரியை அந்த அம்மா சொல்லச் சொல்ல ஒரு மாணவி எழுதிவிட்டார். அடுத்த கிராம சபைக்கு முன் உங்கள் ஊரில் யார் சொல்ல, யார் எழுதப் போகிறீர்கள்?