காவல் கேமராவுக்கு யார் காசு கொடுப்பது?

தெலங்கானாவில் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இடம் பிடித்த ஊர்கள் இரண்டு: வாரங்கல், கரீம்நகர். போன வருஷம் எனக்கு மாற்றலாகி வந்த ஊர் அதில் இல்லை. மாவட்டத் தலைநகர்தான், எல்லா பேங்குக்கும் கிளை இருக்கிறது. ஆனால் தெருவுக்கு போலீஸ் கேமரா வேண்டுமென்றால் வசூல்தான்.

இதற்கு இங்கே 'நேனு சைதம்' என்று பெயர். 'நானும்கூட' என்று அர்த்தம். வியாபாரிகளையும் காலனிக்காரர்களையும் காவல்துறை கூப்பிட்டுப் பேசும், அவர்கள் பணம் போட்டு கேமரா வாங்கிக் கொடுப்பார்கள். சென்னையில் இதுவே 'மூன்றாவது கண்'. உ.பி.யில் 2023-ல் 'ஆபரேஷன் திரிநேத்ரா'. (பெயர் வைப்பதில் நம் ஆட்களை அடிச்சுக்க முடியாது!)

கேமராவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இருபது வருஷமாக கேமராவுக்குக் கீழே உட்கார்ந்துதான் சம்பளம் வாங்குகிறேன். 2016-ல் நோட்டு செல்லாது என்று அறிவித்த நாட்களின் பதிவுகளை அழிக்கக் கூடாது என்று ரிசர்வ் பேங்க் சொன்னது. பத்திரமாக வைத்தோம், பேங்க் செலவில். எங்கள் பாதுகாப்பு, எங்கள் செலவு. நியாயம். தெரு யாருடையது?

அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் பொது ஒழுங்கும் காவலும் மாநிலப் பட்டியலில் முதல் இரண்டு இனங்கள். லத்திக்கும் ஜீப்புக்கும் யாராவது உண்டியல் ஏந்துகிறார்களா? கேமராவுக்கு மட்டும் ஏன்?

"கட்டாயமில்லை சார், விருப்பப்பட்டவங்க கொடுக்கிறாங்க" என்பார்கள். எங்கள் கஸ்டமர் ஒருவர் இரும்புக்கடை வைத்திருக்கிறார். கம்பி இறக்க தினமும் கடை வாசலில் லாரி நின்றாக வேண்டும். பக்கத்தில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருக்க, வியாபாரிகள் சங்கத்தார் நோட்டை நீட்டினால் அவர் என்ன விருப்பப்படுவார்? ரொக்கமாக எடுத்துப்போய்க் கொடுத்தார். ரசீது உண்டா என்று கேட்டேன். சிரித்தார்.

பி.காம். படித்தவனுக்கு இன்னொரு உறுத்தல். கேமரா வாங்குவது மூலதனச் செலவு, ஒரு தடவையோடு முடிந்தது. அதை உயிரோடு வைத்திருப்பது வருவாய்ச் செலவு. கரண்ட், இணைய இணைப்பு, ஹார்ட் டிஸ்க், யுபிஎஸ் பேட்டரி, பராமரிப்பு ஒப்பந்தம், ரோடு தோண்டும்போது அறுந்துபோகும் கேபிள், குரங்கு திருப்பிவிட்ட கேமராவை நேராக்க ஏணியோடு வரும் ஆள், திரைக்கு முன்னால் உட்காரும் கான்ஸ்டபிளின் சம்பளம். நன்கொடை என்பது முதல் வகைக்கு மட்டுமே வரும். திறப்பு விழா உண்டு, பேனர் உண்டு, போட்டோ உண்டு. பேட்டரி மாற்றுவதற்கு எவன் போட்டோ எடுப்பான்? எங்கள் பஜாரில் கம்பத்தில் தொங்குகிறவற்றில் எத்தனை வேலை செய்கின்றன என்று சங்கத்தில் கேட்டால், காவல் நிலையத்தில் கேளுங்கள் என்கிறார்கள். அங்கே கேட்டால், சங்கம் வாங்கியது என்று பதில். யாருடைய சொத்துப் பதிவேட்டிலும் இல்லாத பொருளுக்கு ஆடிட் ஏது?

அடுத்தது, காசு கொடுக்கிற தெருவைத்தான் கேமரா பார்க்கும். நகைக்கடைத் தெருவில் பத்தடிக்கு ஒன்று. பீடி சுற்றும் பெண்கள் இருட்டிய பிறகு நடந்து வீடு திரும்பும் சந்தில் ஒன்றுகூட இல்லை. அவர்கள் நோட்டில் என்ன எழுதுவார்கள்?

பெரிய ஊர்களுக்கு இந்தக் கஷ்டம் கொஞ்சம் குறைவு. 2013 மத்திய பட்ஜெட்டில் 1000 கோடியோடு தொடங்கிய நிர்பயா நிதியில் 'சேஃப் சிட்டி' திட்டம் வந்தது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, ஹைதராபாத், பெங்களூரு, அகமதாபாத், லக்னோ என்று 8 நகரங்கள். 2015-ல் தொடங்கி 2025 மார்ச்சில் முடிந்த ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் 100 நகரங்கள், எல்லாவற்றிலும் கட்டுப்பாட்டு மையம். மிச்சமுள்ள ஊர்க்காரன் தன் பையில்தான் கைவிட வேண்டும்.

அரசாங்கத்திடம் பணமில்லையாம். தொழில் வரி, சொத்து வரி, டிரேட் லைசென்ஸ் எல்லாம் கட்டுகிற வியாபாரிதான் இதையும் கொடுக்கிறார். அவர் வாங்கித் தரும் கேமராவிலும் 18 சதவீதம் ஜிஎஸ்டி, அதில் மாநிலத்துக்கும் பங்கு! நிஜமாகவே பணமில்லை என்றால் நூறுக்குப் பதில் முப்பது வையுங்கள், குற்றம் நடக்கும் இடத்தில் வையுங்கள், ஐந்து வருஷப் பராமரிப்பையும் சேர்த்து பட்ஜெட்டில் போடுங்கள். தனி வரிதான் வேண்டுமென்றால் நகராட்சி மன்றத்தில் தீர்மானம் போட்டு வசூலியுங்கள், ரசீதாவது கிடைக்கும்.

ஒரு விஷயம் கவனித்தீர்களா? 2020 டிசம்பர் 2 அன்று, பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லா காவல் நிலையங்களுக்கு உள்ளேயும் கேமரா வைக்கவேண்டும், பதிவுகளை ஒரு வருஷத்துக்காவது வைத்திருக்கவேண்டும், மாநிலங்கள் அதற்கு நிதி ஒதுக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. போலீஸையே பார்க்கிற கேமரா அது. அதற்காக உண்டியலோடு யாரும் நம் வாசலுக்கு வந்ததில்லை :-)

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. வெளியூரில் சம்பாதிக்கிற நம்மைத் தேடி சொந்த ஊரிலிருந்தும் இந்த நோட்டு வரும். அப்பா அம்மா அங்கே தனியாக இருக்கிறார்கள் என்ற பயத்தில் உடனே அனுப்பிவிடத் தோன்றும். அனுப்புவதற்கு முன்னால் நாலு கேள்வி கேளுங்கள். கேமரா யார் பெயரில் இருக்கும்? பராமரிப்பு எந்தக் கணக்கிலிருந்து? பதிவை யார் பார்க்கலாம், எத்தனை நாள் இருக்கும்? எந்தெந்தத் தெருவில் வைக்கிறார்கள்? பதிலை எழுத்தில் கேளுங்கள். கிடைத்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், எங்கள் சங்கத்தாரிடம் காட்டவேண்டும்.