அஞ்சு டெஸ்ட் கேஸ் பாஸ் ஆனா போதுமா?

லேப்ல நாம எல்லாரும் பண்றதுதான். புரோகிராம் எழுதுவோம், அஞ்சு இன்புட் கொடுப்போம், அவுட்புட் சரியா வந்தா "ஓடுது மச்சி"ன்னு கிளம்பிடுவோம். போன செமஸ்டர் லேப் தேர்வுல எனக்கு வந்தது ஃபேக்டோரியல். 1 முதல் 5 வரைக்கும் அருமையா ஓடுச்சு. எக்ஸ்டர்னல் வந்து 13 கொடுத்தார். வந்த விடை 1932053504. "13 ஃபேக்டோரியல் ரெண்டு சைபர்ல முடியணுமேப்பா?" என்றார். இன்ட் நிரம்பி வழிந்தது எனக்குத் தெரியவே இல்லை. அன்றைக்கு அவர் மேல் செம கடுப்பு. 4294967297 என்ற எண்ணின் கதையைப் படித்த பிறகு அது போய்விட்டது.

2-இன் அடுக்காக 1, 2, 4, 8, 16 என வைத்து, வரும் விடையோடு ஒன்றைக் கூட்டுங்கள். 3, 5, 17, 257, 65537 கிடைக்கும். ஐந்துமே பகா எண்கள். இப்படி வருவதெல்லாம் பகா எண்தான் என்று 1640-இல் ஃபெர்மா நம்பினார். நிரூபணம் கைவசம் இல்லை என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார்.

அடுத்த அடுக்கு 32. அப்போது வருவதுதான் 4294967297. 1732-இல் ஆய்லர் அதை உடைத்துக் காட்டினார்: 641 × 6700417. அஞ்சு கேஸ் பாஸ், ஆறாவது அவுட்!

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த எண்ணை வகுக்கும் பகா எண் எதுவாக இருந்தாலும், அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே மாட்டிவிடுகிறது! அந்த விதி வருவதும் ஃபெர்மா அதே 1640-இல் சொன்ன இன்னொரு தேற்றத்திலிருந்துதான். கருவி கையில் இருந்தும் எண் தப்பிவிட்டது.

அதற்குப் பிறகு இந்த வரிசையில் இன்னொரு பகா எண்ணை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. 3-ஐ பூஜ்ஜியமாவது என்று எண்ணினால், 5 முதல் 32 வரை அத்தனையும் பகு எண்கள் என்பது உறுதியாகிவிட்டது. அதாவது, ஃபெர்மா நம்பிய அந்த அஞ்சும்தான் விதிவிலக்கு போல இருக்கிறது.

"எல்லாத்தையும் நிரூபிச்சுக்கிட்டே இருந்தா பிராஜெக்ட்டை எப்போ முடிக்கிறது?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். நான் நிரூபணம் கேட்கவில்லை. "அஞ்சுக்கு ஓடுச்சு" என்பதும் "எப்பவும் ஓடும்" என்பதும் ஒன்றில்லை, அவ்வளவுதான். ஃபெர்மா அந்த வித்தியாசத்தை மறைக்கவில்லை. நாமோ ஒவ்வொரு ரெக்கார்டிலும் கடைசி வரியாக "அவுட்புட் வெரிஃபைடு சக்ஸஸ்ஃபுல்லி" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறோம். நாளைக்கு நாம் எழுதும் கோடு மருத்துவமனையிலோ ரயில் சிக்னலிலோ ஓடும்போது, ஆறாவது இன்புட்டைக் கொடுக்க எக்ஸ்டர்னல் வரமாட்டார்.

அதனால் ரெக்கார்டில் அந்த வரிக்குக் கீழே இன்னொரு வரியும் எழுதுவோம்: "இந்த புரோகிராம் எந்த இன்புட்டில் உடையும்?" என்னுடையதில் எழுதிவிட்டேன்: 13.