ஐந்து பேர் போனோம்... ஆறாவது ஆள் எங்கே?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "திருவனந்தபுரம் திரைப்பட விழாவுக்குப் போய்ட்டு வந்தீங்கள்ல, அதை எழுது. சும்மா ஜாலியா எழுது" என்றுதான் சொன்னார்கள். ஜாலியாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தக் கடைசி நாளை நினைத்ததும் பேனா வேறு பக்கம் போய்விட்டது. கோபித்துக்கொள்ள வேண்டாம். ஜாலியும் உண்டு, கொஞ்சம் காரமும் உண்டு.

முதலில் விவரம் சொல்லிவிடுகிறேன். கேரள சர்வதேசத் திரைப்பட விழா 1996-ல் கோழிக்கோட்டில் தொடங்கியது. இப்போது கேரள மாநிலச் சலச்சித்திர அகாடமி ஆண்டுதோறும் திருவனந்தபுரத்தில் நடத்துகிறது. நாங்கள் போனது 29-ஆவது விழா. 2024 டிசம்பர் 13 முதல் 20 வரை நடந்தது. மாணவர்களுக்குக் கட்டணம் பாதி. கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிவிட்டால் போதும். நீங்கள் டாக்டரா, டைரக்டரா, கரிவலம்வந்தநல்லூர்ப் பையனா என்று யாரும் கேட்பதில்லை. எல்லோரும் 'டெலிகேட்'தான்!

சங்கரன்கோவிலில் ரயிலேறி, செங்கோட்டை, ஆரியங்காவு குகை, தென்மலைப் பக்கத்துப் பதிமூணு கண் பாலம், புனலூர், கொல்லம் என்று போய்ச் சேர்ந்தோம். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடுதான் இருந்தது. நம் தாத்தாக்களுக்குச் சென்னை தூரம், அனந்தபுரம் பக்கம். அந்த நினைப்பில் எங்களுக்கும் அயலூருக்குப் போகிற பயம் இல்லை. நண்பன் ஒருவனின் மாமா சாலைக் கடைத்தெருவில் வேலை பார்க்கிறார். அவர் அறையில் ஐந்து பேரும் பாய் விரித்து நான்கு நாள் கிடந்தோம்.

இனி கடைசி நாளுக்கு வருகிறேன்.

டிசம்பர் 20, வெள்ளிக்கிழமை. காலையிலேயே எங்களுக்குள் சண்டை. "ஏலே, நாலு நாளா இருட்டுக்குள்ளயே கிடக்கோம். கடலைப் பாக்காம ஊருக்குப் போனா சிரிப்பானுவ" என்றான் ஒருவன். "கடலு அங்கேயேதான்ல இருக்கும், படம் இன்னைக்கோட போயிரும்" என்றான் இன்னொருவன். கடைசியில் காலையில் ஒரு படம், மத்தியானம் கடல், சாயங்காலம் நிறைவு விழா என்று சமாதானம் ஆனது. இரு நாட்டுப் பேச்சுவார்த்தையே தோற்றுப் போகும்!

சங்குமுகம் கடற்கரையில் கானாயி குஞ்ஞிராமன் வடித்த சாகரகன்னிகை சிலைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தோம். அதை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் முதல் பதில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியிடமிருந்து வந்தது.

"அஞ்சு பேருமா போட்டோவுல? எடுத்தது யாரு?"

"சுண்டல் விக்கிற அண்ணாச்சி" என்று எழுதினேன். சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு மறுபடி எழுதினாள்: "நான் வந்திருந்தா நான் எடுத்திருப்பேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால், இந்த விழா என்று ஒன்று இருப்பதையே எங்களுக்குச் சொன்னவள் அவள்தான். செய்தித்தாளில் வந்த துண்டை வெட்டி வைத்திருந்து காட்டியவள் அவள். ஆன்லைனில் பதிவு செய்வது எப்படி என்று எங்கள் ஐந்து பேருக்கும் உட்கார்ந்து செய்து கொடுத்தவளும் அவளே. ஆறாவதாகப் பதிவு செய்ய வேண்டியவள் அவள். வீட்டில் விடவில்லை. "காலேஜ்ல இருந்து டீச்சர் யாராவது கூட வாராங்களா? லெட்டர் இருக்கா?" என்று அவள் அப்பா கேட்டிருக்கிறார். தறிக்குப் போய்ப் பிள்ளையைப் படிக்க வைக்கிற மனுஷர். அவர் கேட்டதில் தப்பு இல்லை. நம்மிடம் லெட்டர் இல்லை. கல்லூரியில் கேட்டதற்கு, "சினிமா பாக்கிறதுக்கெல்லாம் ஓ.டி. கொடுக்க முடியாது" என்று ஒரே வரியில் முடிந்துவிட்டது.

நண்பர்களே, இங்கே ஒரு உண்மையை ஒத்துக்கொள்கிறேன். நாங்கள் இன்னும் இரண்டு முறை நடந்து கேட்டிருக்கலாம். ஆசிரியை ஒருவரைக் கெஞ்சி அழைத்திருக்கலாம். பேரவை மூலமாக மனு எழுதியிருக்கலாம். செய்யவில்லை. "பொம்பளப் பிள்ளைங்க வந்தா நம்ம இஷ்டத்துக்கு இருக்க முடியாதுலே" என்று எங்களில் ஒருவன் சொன்னான். மற்ற நான்கு பேரும் மறுக்கவில்லை. அந்த நான்கு பேரில் நானும் ஒருவன்.

அங்கே போய்ப் பார்த்தால்... கைரளி, ஸ்ரீ, நிளா தியேட்டர் வாசலிலும், டாகூர் தியேட்டர் மரத்தடியிலும் எங்கே திரும்பினாலும் பெண்கள்! கல்லூரி மாணவிகள், நரைத்த தலை அம்மாமார், கைக்குழந்தையோடு வந்தவர்கள். ரிசர்வேஷன் இல்லாதவர்கள் வெயிலில் க்யூவில் நிற்கிறார்கள், இடம் இல்லையென்றால் படிக்கட்டில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் படத்தைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். யாரும் யாரையும் முறைத்துப் பார்க்கவில்லை.

மேடையையும் பாருங்கள். அந்த ஆண்டு வாழ்நாள் சாதனையாளர் விருது ஹாங்காங் இயக்குநர் ஆன் ஹுய்க்கு. போட்டிப் படங்களின் நடுவர் குழுத் தலைவர், பிரான்ஸின் ஒளிப்பதிவாளர் ஆக்னெஸ் கோதார். 'ஸ்பிரிட் ஆஃப் சினிமா' விருது பாயல் கபாடியாவுக்கு. மூவரும் பெண்கள்! பாயல் கபாடியாவை நம்மைப் போன்றவர்கள் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். புனே திரைப்படக் கல்லூரியில் 2015-ல் 139 நாள் நடந்த மாணவர் வேலைநிறுத்தத்தில் நின்றவர். அவரே 2024-ல் கான் விழாவின் கிராண்ட் பிரீ விருதைக் கொண்டுவந்தார். ஷாஜி என். கருணின் 'ஸ்வம்' படத்துக்கு (1994) முப்பது வருஷம் கழித்து, கான் போட்டிப் பிரிவுக்குள் நுழைந்த இந்தியப் படம் அவருடையதுதான்.

இப்படிப்பட்ட விழாவுக்கு நம் சார்பில் போன தூதுக்குழுவில் ஐந்தும் ஆண்! வெட்கமாக இருந்தது.

அதைவிட வெட்கம் ஒரு படம் பார்த்தபோது வந்தது. 'ஃபெமினிச்சி ஃபாத்திமா' என்ற மலையாளப் படம், இயக்குநர் ஃபாசில் முகம்மது. பொன்னானி என்ற கடலோர ஊர். ஃபாத்திமா ஒரு சாதாரண வீட்டுப் பெண். பிள்ளை படுக்கையை நனைத்துவிட, மெத்தை பாழாகிறது. அவளுக்கு ஒரு மெத்தை வேண்டும். அவ்வளவுதான் கதை! அடிதடி இல்லை, வில்லன் இல்லை. வீட்டுக்காரர் கெட்டவரும் இல்லை. 'எதுக்கு இதெல்லாம்' என்று இருப்பவர். தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது. நாங்களும் சிரித்தோம். பாதிப் படத்தில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. 'எதுக்கு இதெல்லாம்' என்று இருப்பவர்தானே நாங்களும்? மெத்தைக்குப் பதில் ஒரு டெலிகேட் அட்டை, வேறென்ன வித்தியாசம்?

கடைசி நாள் சாயங்காலம் நிசாகந்தி திறந்தவெளி அரங்கம். முதல் பரிசின் பெயர் சுவர்ண சகோரம். ஏதோ தேவலோகத்துப் பறவை என்று நினைத்தேன். விசாரித்தால் நம்ம செம்போத்து! நம் வயக்காட்டு வேலியில் கத்திக்கொண்டு திரிகிற அதே செம்போத்து. பிரேசில் நாட்டு 'மாலு' படத்துக்குத் தங்கச் செம்போத்தும் 20 லட்சம் ரூபாயும். பாட்டி, அம்மா, மகள் என்று மூன்று தலைமுறைப் பெண்கள் கதை. பிறகு டெலிகேட்களே வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற பார்வையாளர் பரிசு... 'ஃபெமினிச்சி ஃபாத்திமா'! அந்தப் படம் மொத்தம் 5 பரிசுகள் வாங்கியது. அரங்கம் எழுந்து கைதட்டியது. நாங்கள் ஐவரும் அந்தப் படத்துக்குத்தான் வாக்களித்திருந்தோம். நம்ம ஓட்டும் அதில் இருக்கிறது என்று குதித்தோம்.

சந்தோஷத்தில் தோழிக்குப் போன் போட்டேன். கதையை முழுசாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "நீங்க அஞ்சு பேரும் ஓட்டுப் போட்டீங்க, சரி. நான் வந்திருந்தா ஆறு ஓட்டுல்ல?" என்றாள்.

என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

'செல்போன்லயே எல்லாப் படமும் வருதே, அதுக்கு எதுக்குத் திருவனந்தபுரம்?' என்று கேட்பவர்கள் உண்டு. என் பாட்டி ஒரு விஷயம் சொல்வாள். அந்தக் காலத்தில் டூரிங் டாக்கீஸில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம், நடுவில் தடுப்பு. தெருப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து, முறுக்கும் தண்ணிச் செம்புமாக இரண்டாம் ஆட்டத்துக்கு நடந்து போவார்களாம். மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்து, அழுது, மூக்கைச் சிந்தி, நடுச்சாமத்தில் கதை பேசிக்கொண்டே திரும்பி வருவார்களாம். பாட்டிக்குக் கிடைத்த அந்த இரண்டாம் ஆட்டம், டிப்ளமோ படிக்கிற பேத்திகளுக்கு இல்லை! கையில் போன் கொடுத்து மூலையில் உட்கார வைத்துவிட்டு, 'எல்லாம்தான் வருதே' என்கிறோம். பலரோடு சேர்ந்து பார்த்து, சிரித்து, வாதாடி, ஓட்டுப் போடுவது போனில் எப்படி வரும்?

'பாலிடெக்னிக் காரனுக்கு உலக சினிமா எதுக்கு?' என்பது அடுத்த கேள்வி. தென்னாட்டில் ஊர் ஊராகப் படம் காட்டிய முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட் யார் தெரியுமா? திருச்சியில் ரயில்வே டிராஃப்ட்ஸ்மேன்! 1905-ல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படக்கருவியை வாங்கிக்கொண்டு கிளம்பியவர். 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். சென்னைத் திரைப்படக் கல்லூரி 1945-ல் தொடங்கியதே சென்ட்ரல் பாலிடெக்னிக்கின் ஒரு பகுதியாகத்தான். பி.சி. ஸ்ரீராம் படித்த இடம் அது. மெக்கானிக்கல் நண்பர்கள் ஜெனீவா வீல் படம் வரைந்திருப்பீர்கள். மார்க்குக்காக நாம் வரைகிற அந்தச் சக்கரம்தான், ஃபிலிம் புரொஜக்டரில் வினாடிக்கு 24 படங்களை ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்தி இழுத்துக் காட்டியது. சினிமா நம் பாடத்துக்கு வெளியே இல்லை, நாம்தான் அதற்கு வெளியே நிற்கிறோம்.

ஐ.வி. என்ற பெயரில் பஸ் பிடித்துக் கோவளம் போய்க் குளித்துவிட்டு வருகிறோமே, அதற்கு மட்டும் லெட்டர் கிடைக்கிறதே!

ஆகவே நம் பேரவைக்கு என் வேண்டுகோள்கள் மூன்று.

ஒன்று, மாதம் ஒரு படம். செமினார் ஹாலில் புரொஜக்டர் சும்மாதான் தூங்குகிறது. அடூர் கோபாலகிருஷ்ணன் 1965-ல் நண்பர்களோடு சேர்ந்து சித்ரலேகா ஃபிலிம் சொசைட்டி தொடங்கினார். அப்படிப் பல சங்கங்கள் விதை போட்ட மண்ணில்தான் இத்தனை பெரிய விழா நடக்கிறது. மாலை நான்கரைக்குப் போட்டால் கடைசி பஸ்ஸுக்குள் எல்லோரும் வீடு போய்விடலாம்.

இரண்டு, அடுத்த விழாவுக்கு இரண்டு மாதம் முன்பே முறையாக மனு கொடுத்து ஓ.டி. வாங்க வேண்டும். ஆசிரியை ஒருவர் உடன்வர ஏற்பாடு செய்து, பெற்றோர் ஒவ்வொருவருக்கும் பேரவையே கடிதம் அனுப்ப வேண்டும். அந்த அப்பா கேட்ட இரண்டு கேள்விக்கும் நம் கையில் பதில் இருக்க வேண்டும்.

மூன்று, யார் யார் போவது என்று முடிவு செய்யும் குழுவில் பாதிப் பேர் மாணவிகளாக இருக்க வேண்டும். 'நம்ம இஷ்டத்துக்கு இருக்க முடியாது' என்று யாராவது முனகினால், அதைக் கேட்டுச் சும்மா இருக்கிற நான்கு பேராக நாம் இருக்கக் கூடாது.

அன்று இரவு தம்பானூரில் தென்காசி பஸ் ஏறினோம். பாலோடு, குளத்துப்புழை, தென்மலை என்று மலைப்பாதையில் நான்கு பேரும் தூங்கிவிட்டார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. தென்காசியில் இறங்கி, சங்கரன்கோவில் வந்து, கரிவலத்தில் இறங்கியபோது பால்வண்ணநாதர் கோயில் கோபுரத்தில் வெயில் பட்டிருந்தது. விழாப் பையில் மிச்சமிருந்த புத்தகம், அட்டவணை எல்லாவற்றையும் திங்கட்கிழமை அவளிடம் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "அட்டையை எதுக்கு எனக்குக் குடுக்க? அது உன் பேர்ல இருக்கு. அடுத்த தடவை என் பேர்ல ஒண்ணு வாங்கிக்கிடுதேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அடுத்த தடவை அந்த அட்டை அவள் பேரில் வர வேண்டும். அதற்கு நாம் செய்ய வேண்டியது ஒரு மனு, ஒரு கடிதம், கொஞ்சம் மனசு.

சிந்திப்போம் நண்பர்களே, செய்தும் காட்டுவோம்!

– இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன்,
கரிவலம்வந்தநல்லூர்