அக்கிக்கு முதல் மூன்று நாள் முக்கியம்... புண் ஆறினாலும் வலி தங்கிவிடலாம்!

முந்திரி சீசனில் உடையார்பாளையம், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்து வீடுகளில் உடம்பில் கொப்புளம் என்றால் யாரும் பெரிதாகப் பதறுவதில்லை. முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே அக்கி வந்தாலும் 'எண்ணெய் பட்டிருக்கும்' என்று இரண்டு நாள் சும்மா விட்டுவிட வாய்ப்பு உண்டு. அந்த இரண்டு நாள்தான் பொன்னான நேரம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முந்திரி எண்ணெய், பட்ட இடத்தில் மட்டும் கொப்பளிக்கும். அக்கி அப்படியல்ல. முதுகிலிருந்து மார்பு அல்லது இடுப்புப் பக்கமாக, உடம்பின் ஒரே பாதியில் பட்டையாகப் படரும். கொப்புளம் தெரிவதற்குச் சில நாள்கள் முன்பே அந்த இடத்தில் எரிச்சலும் குத்தலும் தொடங்கிவிடும்.

சிறுவயதில் வந்துபோன சின்னம்மையின் வைரஸ் நரம்பு முடிச்சுகளில் பதுங்கியிருக்கும். வயது கூடும்போதோ, எதிர்ப்பு சக்தி குறையும்போதோ மீண்டும் கிளம்பும். அதுதான் அக்கி. 'இடுப்பைச் சுற்றி இரண்டு முனையும் சேர்ந்தால் உயிருக்கு ஆபத்து' என்று பயமுறுத்துவார்கள். பாதிக்கப்பட்ட நரம்பு உடம்பின் ஒரு பக்கத்துக்கு மட்டுமே உரியது என்பதால், அக்கி பொதுவாக நடுக்கோட்டோடு நின்றுவிடும்.

அக்கி எழுதலாமா?

மண்பாண்டம் செய்பவர்களிடம் போய், செங்காவியைக் குழைத்து அக்கி எழுதிக்கொள்வது பழைய வழக்கம். சிங்க உருவம் வரைவதும் உண்டு. காவி குளிர்ச்சி தரலாம், வைரஸைத் தடுக்காது. உடைந்த கொப்புளத்தில் பட்டால் சீழ் பிடிக்கவும் கூடும். அக்கிப் புண் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானாகவே ஆறும். அந்தப் பெயர் காவிக்குப் போய்விடுகிறது. ஆறாமல் தங்குவது நரம்பு வலி.

மாத்திரை எப்போது?

அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர் போன்ற மாத்திரைகளைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. வழக்கமாக 7 நாள்கள். சிறுநீரகப் பிரச்னை இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும், அளவு மாறும். 72 மணி நேரம் கடந்துவிட்டாலும் போகாமல் இருக்கக் கூடாது.

நெற்றியிலோ, மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் அன்றே கண் டாக்டரைப் பார்க்க வேண்டும். பார்வையே பாதிக்கப்படலாம்.

வலி விடவில்லையா?

மூன்று மாதம் கடந்தும் சேலை உரசினாலே சுரீர் என்றால், அது நரம்பு வலி. வயதானவர்களுக்கு இது அதிகம். பாரசிட்டமால் மட்டும் பெரும்பாலும் போதாது. கபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றைக் குறைந்த அளவில் தொடங்கி, டாக்டர் மெல்லக் கூட்டுவார். தூக்கமும் தலைசுற்றலும் வரலாம் என்பதால், பெரியவர்கள் இரவில் எழும்போது கைத்தாங்கல் தேவை. இவற்றைத் திடீரென நிறுத்தவும் கூடாது. தளர்வான பருத்தி உடை ஆறுதல் தரும்.

வீட்டில் மற்றவர்களுக்கு...

கொப்புள நீர் பட்டால், சின்னம்மை வராதவர்களுக்குச் சின்னம்மை வரலாம். பொருக்கு தட்டும்வரை புண்ணை மூடிவைத்து, கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் தள்ளியிருக்கச் சொல்லலாம்.

50 வயதைத் தாண்டியவர்களுக்கான அக்கித் தடுப்பூசி இந்தியாவில் 2023-ல் அறிமுகமானது. 2 முதல் 6 மாத இடைவெளியில் இரண்டு டோஸ். விலை அதிகம்தான், சர்க்கரை நோயாளிகள் டாக்டரிடம் கேட்டு முடிவெடுக்கலாம்.

அக்கி எழுதிக்கொள்ள வேண்டும் என்று பாட்டி பிடிவாதம் பிடித்தால் சண்டை வேண்டாம். முதலில் ஆஸ்பத்திரி, மாத்திரை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு!